லண்டன் பழைய வீட்டுச் சிம்னி: இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கிழக்கு லண்டனில் 1905 வாக்கில் கட்டிய டெரஸ் வீடு, அதாவது பக்கத்து வீட்டோடு ஒட்டி வரிசையாகக் கட்டியது. கீழ் முன்னறையில் ஒரு நெருப்பிடம். முந்தைய உரிமையாளர் அதைப் பலகை வைத்து அடைத்துவிட்டார். மாடிப் படுக்கையறையில் சிம்னி போகும் சுவரில் பழுப்புக் கறை, இரண்டு முறை பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது. கூரை மேலிருந்து செங்கல் சில்லு தோட்டத்தில் விழுகிறது. குளிர்காலத்துக்குள் விறகடுப்பு வைக்க உங்களுக்கு ஆசை. மச்சான் "மொத்தமா இடிச்சுத் தள்ளு, ரூம் பெருசாகும்" என்கிறார். வீட்டம்மாவுக்கோ அந்த நெருப்பிட மாடத்தைச் சாமி மாடமாக்க வேண்டும். எது ஆபத்து, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கே பழைய வீடுகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சிம்னி என்றால் நம் ஊரில் இப்போது நினைவுக்கு வருவது அடுப்புக்கு மேலே மாட்டும் எஃகுப் பெட்டி. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஃபில்டரைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் அதன் பராமரிப்பு முடிந்தது. நீங்கள் வாங்கியிருப்பதோ அஸ்திவாரத்திலிருந்து கூரையைத் தாண்டி நிற்கும் ஒரு செங்கல் கோபுரம். வீட்டிலேயே நான்கு பக்கமும் மழையும் காற்றும் படுகிற பாகம் அதுதான். நெருப்பு மூட்டினாலும் மூட்டாவிட்டாலும் அது நனைந்துகொண்டுதான் இருக்கும். "பயன்படுத்தவே இல்லையே, அது பாட்டுக்கு நிற்கட்டும்" என்று விட்டுவிட்ட சிம்னிகள்தான் நான் பார்த்ததில் மோசமானவை. நெருப்புக்குப் பயப்படுகிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தண்ணீர்தான் முதலில் விரிசலைப் போடுகிறது. புகையும் நெருப்பும் பிறகு அதன் வழியே நுழைகின்றன.

உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். ஒவ்வொரு நெருப்பிடத்துக்கும் ஒரு தனிப் புகைக்குழாய் உண்டு, பல வீடுகளில் 9 அங்குலச் சதுரம். உங்கள் வீட்டுக் குழாய்களும் பக்கத்து வீட்டுக் குழாய்களும் சேர்ந்து ஸ்டாக் என்கிற ஒரே செங்கல் தூணாகக் கூரைக்கு மேல் போகும். இரண்டு குழாய்களுக்கு நடுவே இருப்பது வெறும் நாலரை அங்குலச் செங்கல் தடுப்பு. உள்பக்கம் சுண்ணாம்புக் கலவையில் மாட்டுச் சாணம் சேர்த்துப் பூசினார்கள். ஆமாம், சாணம்தான். நம் பாட்டி திண்ணை மெழுகிய அதே சரக்கு லண்டன் சுவருக்குள்ளும் இருக்கிறது. அது நல்ல பூச்சுதான், ஆனால் நூறு வருட நிலக்கரிப் புகையின் அமிலத்தில் பல இடங்களில் உதிர்ந்து, செங்கல் இடுக்குகள் வெறுமையாகியிருக்கும். இங்கிலாந்தில் 1965-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளுக்குப் பிறகுதான் குழாய்க்குள் லைனர் என்ற தனி உட்குழாய் வைத்துக் கட்டுவது கட்டாயமானது. உங்கள் வீடு அதற்கு அறுபது வருடம் மூத்தது.

அந்த 9 அங்குலத்துக்குள் ஒரு காலத்தில் சிறுவர்களை ஏற்றிக் கரி சுரண்ட வைத்தார்கள். 1875-இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைக்குழாயில் சிக்கி ஜார்ஜ் புரூஸ்டர் என்ற பதினொரு வயதுப் பையன் இறந்த பிறகுதான், ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த சட்டம் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. இப்போது குழாயைச் சுத்தம் செய்ய வருபவரின் கம்பியையும் தூரிகையையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வரும்.

சரி, உங்கள் கூரைக்கு வருவோம். எதிர் நடைபாதையில் நின்று ஒரு பைனாகுலரில் பாருங்கள். ஏணி வேண்டாம், உச்சிக்கு நீங்கள் ஏறவே கூடாது. ஸ்டாக் உச்சியில் மண் குழாய்கள் நிற்கும், இங்கே பாட் என்பார்கள். அவற்றின் காலைச் சுற்றிச் சரிவாகப் பூசியிருக்கும் கலவைக்கு ஃப்ளான்ச்சிங் என்று பெயர். அதில்தான் முதல் விரிசல் விழும். மழைநீர் அந்த விரிசலில் இறங்கி, ராத்திரி உறைந்து, ஏறத்தாழ 9 சதவீதம் பெருத்து, விரிசலை இன்னும் அகலமாக்கும். நாற்பது குளிர்காலம் இப்படிப் போனால் பாட் ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம் செங்கல் இடுக்கில் பூசிய கலவையை, அதாவது பாயிண்டிங்கைப் பாருங்கள், செங்கல்களுக்கு நடுவே கறுத்த இடைவெளி தெரிந்தால் கலவை போய்விட்டது என்று அர்த்தம். கூரை ஓடும் ஸ்டாக்கும் சேரும் இடத்தில் ஈயத் தகடு சொருகியிருப்பார்கள். அது நிமிர்ந்திருந்தால் கீழே படுக்கையறைக் கூரையில் வட்ட வட்டமாகக் கறை விழும். ஊதாப்பூ பூக்கும் பட்லியா செடி அங்கே முளைத்திருந்தால் அழகென்று ரசிக்காதீர்கள். நம் ஊர்க் கோபுரத்தில் அரசமரம் முளைப்பது மாதிரிதான். யாரும் பார்க்காத பழைய டிவி ஆன்டெனா ஒன்று ஸ்டாக்கில் கட்டியிருக்கிறதா? காற்றடிக்கும்போதெல்லாம் அது செங்கல்லைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும். முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

செங்கல் பொரிந்து விழுகிறது என்றீர்கள். ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் யாரோ அந்தச் சிம்னிக்குச் சிமென்ட்டால் பாயிண்டிங் செய்திருப்பார்கள். பழைய மஞ்சள் லண்டன் செங்கல் மெத்தென்றது. சுண்ணாம்புக் கலவையோடு கட்டியது. உள்ளே போன ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியே மூச்சு விடும். நடுவில் கெட்டிச் சிமென்ட்டை அடைத்தால் ஈரத்துக்குச் செங்கல்லின் முகத்தைத் தவிர வேறு வழியில்லை. உறைபனியில் அந்த முகம் அப்பளம் மாதிரி கழன்று விழும். அதோடு நிலக்கரிப் புகை விட்டுப்போன சல்பேட், ஈரத்தோடு சேர்ந்து சிமென்ட்டை வீங்க வைக்கும். மழை அடிக்கும் பக்கம் அதிகமாக வீங்குவதால் ஸ்டாக் மெல்ல மறுபக்கம் சாயும். லண்டன் கூரைகளில் முதுகு வளைந்த கிழவர் போல நிற்கும் சிம்னிகளில் பலவற்றின் கதை இதுதான். சாய்வு கண்ணுக்கே தெரிந்தால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

ஆகவே வருகிற ஆளிடம் முதல் கேள்வி: "சுண்ணாம்பா, சிமென்ட்டா?" நேச்சுரல் ஹைட்ராலிக் லைம் (ஈரத்திலும் இறுகும் சுண்ணாம்பு) என்று தானாகவே சொன்னால் அவருக்கு வேலை தெரியும். "சிமென்ட்டே கெட்டி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டும் அடித்துத் தருகிறேன்" என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நம் ஊரில் சுண்ணாம்புக் காரை வீட்டுக்குச் சிமென்ட் பூசி, அது பொட்டுப் பொட்டாக விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி.

இனி அந்தப் பழுப்புக் கறை. இது பலரையும் ஏமாற்றுகிற விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு குடும்பம் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஓடு முழுவதையும் மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கறை இருந்த இடத்திலேயே இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், பிசுபிசுவென்று ஈரம். வெளியே ஒரு வாரமாக மழையே இல்லை, ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமான நாள். நிலக்கரி எரிந்த காலத்தில் புகையோடு போன உப்புகள் செங்கல்லுக்குள் ஊறிப்போய் இருக்கின்றன. ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி தானே கசியுமே, அது போல இந்தச் சுவரும் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் தார்க் கறையோடு வெளியே வந்துவிடும். மேலிருந்து தண்ணீர் இறங்குவதை முதலில் நிறுத்துங்கள், குழாய்க்குள் காற்று ஓட வழி செய்யுங்கள், அது காய்ந்தபின் அந்தப் பகுதிப் பூச்சை மட்டும் செங்கல் வரை பெயர்த்துவிட்டு உப்பைத் தாங்கும் பூச்சு போடுங்கள். இந்த வரிசை மாறினால் பணம் தண்டம்.

காற்று ஓட வழி என்றேனே, உங்கள் வீட்டில் அதுதான் இல்லை. கீழே பலகை வைத்து அடைத்துவிட்டார்கள், மேலே பாட் திறந்தே இருக்கிறது. மழை உள்ளே வரும், காய்வதற்குக் காற்று வராது. அடைத்த நெருப்பிடத்துக்குக் கீழே ஒரு காற்றுத் துளை வேண்டும், மேலே பாட்டுக்கு மழை போகாமல் காற்று மட்டும் போகும் தொப்பி வேண்டும். இரண்டும் சின்னச் சாமான்கள். சாரம் போட்டு வேலை நடக்கும்போதே சேர்த்துச் செய்துவிட்டால் செலவும் அதிகம் ஆகாது.

உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால் நான் முதலில் வைப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், களைப்பு. ஃப்ளூ என்று நினைத்துப் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, நெருப்புக்குப் பக்கத்திலேயே போர்த்திப் படுப்பார்கள். காய்ச்சல் இல்லாத ஃப்ளூ, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில், வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே ஜன்னலைத் திறந்து, எரிவதை அணைத்து, எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். கேஸ் சாதனம் என்று சந்தேகம் இருந்தால் 0800 111 999 என்ற அவசர எண் நாள் முழுவதும் இயங்குகிறது. தலைசுற்றல், மயக்கம் இருந்தால் 999 என்ற அவசர உதவி எண்.

"நாங்கள்தான் நெருப்பே மூட்டவில்லையே" என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூட்டுவாரே. அந்த நாலரை அங்குலத் தடுப்பில் கலவை உதிர்ந்திருந்தால் அவர் வீட்டுப் புகை உங்கள் குழாய்க்குள் வந்து, அடைத்த பலகையின் இடுக்கு வழியாக உங்கள் படுக்கையறைக்குள் இறங்கும். ஒரு வீட்டில் மாடி அறை அலமாரிக்குள் வைத்த சேலைகளில் சனிக்கிழமை தோறும் விறகுப் புகை வாசம் வந்தது. வார இறுதியில் மட்டும் அடுப்பு மூட்டும் பக்கத்து வீடுதான் காரணம். வாசம் வந்ததால் தெரிந்தது. கேஸ் நெருப்பிடமாக இருந்திருந்தால் வாசமும் வந்திருக்காது. அதனால் கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே ஒன்று. இஎன் 50291 என்ற எண் பெட்டி மேல் இருக்க வேண்டும். அறைக் கூரையில் மாட்டுவதென்றால் சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி. அடுப்பு வைத்தபின் அந்த அறையில் அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் ஒன்று, சிம்னி போகும் படுக்கையறையில் இன்னொன்று. இங்கிலாந்தில் புதிதாக விறகடுப்பு வைத்தால் அந்த அறைக்கு இது கட்டாயமே.

அடுத்தது சிம்னிக்குள் பிடிக்கும் தீ. விறகுப் புகையில் இருக்கும் தார், குளிர்ந்த குழாய்ச் சுவரில் பட்டதும் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தட்டினால் உதிரும் கரி, பிறகு செதில், கடைசியில் கறுப்பு வார்னிஷ் பூசியது போல் பளபளவென்று இறுகிய படலம். இந்தக் கடைசி நிலையைச் சாதாரணத் தூரிகை அசைக்காது. ஒரு பொறி மேலே போய் அதில் பற்றினால் குழாய்க்குள் ஆயிரம் டிகிரி செல்சியஸை நெருங்கும். கொல்லன் பட்டறைத் துருத்தி போல ஓர் இரைச்சல் கேட்கும், உச்சியில் பொறி பறக்கும். சில சமயம் எதுவும் தெரியாமலே எரிந்து அடங்கிவிடும், ஆனால் அந்தச் சூட்டில் குழாய் வெடித்திருக்கும். பழைய வீடுகளில் தளத்து மர உத்தரங்கள் சிம்னிச் சுவரை ஒட்டியே இருப்பது வழக்கம். வருடக்கணக்காகச் சூடு பட்ட மரம் உள்ளுக்குள் கரியாகிக்கிடக்கும். புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். சிம்னிக்குள் தீப்பிடித்தால் அடுப்பின் காற்று வாயை மூடுங்கள், 999-ஐக் கூப்பிடுங்கள், எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். நெருப்பிடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீராவி முகத்தில் அடிக்கும், கொதிக்கும் செங்கல்லும் பிளக்கும்.

தார் சேர்வதற்கு மூல காரணம் ஈர விறகு. புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அதைக் கொதிக்க வைப்பதிலேயே சூடெல்லாம் போய், புகை குளிர்ந்து ஏறும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகுக்கு இதுவே சட்டம். 'ரெடி டு பர்ன்' என்ற முத்திரையைப் பாருங்கள். கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியைக் குத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. அட்டைப்பெட்டி, பெயின்ட் அடித்த பலகை, பழைய பேலட் இவற்றைப் போகிக்குக் கொளுத்துவது போல உள்ளே போடாதீர்கள். ராத்திரி முழுக்க நீறு பூத்தபடி எரியட்டும் என்று காற்றைக் குறைத்து வைப்பதும் தாருக்கு விருந்து வைப்பதுதான்.

உங்கள் விறகடுப்பு ஆசைக்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய குழாயில் நேராக இணைக்க விடாதீர்கள். முதலில் குழாயைச் சுத்தம் செய்து, கேமரா விட்டுப் பார்த்து, புகை வில்லை கொளுத்தி எந்த அறையிலாவது புகை கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடியிலும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் உச்சி வரை. லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. 1952 டிசம்பர் நச்சுப் பனிப்புகைக்குப் பிறகு வந்த 1956 தூய காற்றுச் சட்டத்தின் வாரிசு அது. அங்கே விலக்கு பெற்ற அடுப்பு வகைதான் வைக்கலாம், சிம்னியில் புகை வந்தால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். ஹீட்டாஸ் (விறகடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவுள்ளவர் பொருத்தினால் சான்றிதழ் அவரே தருவார். இல்லையென்றால் கட்டட விதிகளைச் சரிபார்க்கும் கவுன்சில் பில்டிங் கன்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று, நம் வீட்டுச் சமையலறைகளில் பெரிய எக்ஸாஸ்ட் இருக்கும். மீன் பொரிக்கும்போது அதை முழு வேகத்தில் ஓட்டினால் வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். ஜன்னலெல்லாம் மூடிய வீட்டில் அதற்குத் திறந்த வழி சிம்னிதான். புகை தலைகீழாக இறங்கும். சோதனை செய்யும்போது எக்ஸாஸ்டை ஓடவிட்டே சோதிக்கச் சொல்லுங்கள்.

மச்சான் யோசனைக்கு வருகிறேன். இடிக்கலாம், ஆனால் எந்தப் பக்கமிருந்து என்பதுதான் கேள்வி. அறைக்குள் புடைத்து நிற்கும் சுவர்தான் மேலே இருக்கும் மாடிச் சுவரையும் ஸ்டாக்கையும் தாங்குகிறது. கீழறையில் அதை மட்டும் எடுத்துவிட்டு மேலே அப்படியே தொங்கவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கன மீட்டர் செங்கல் சுவர் ஏறத்தாழ 1,900 கிலோ. தூங்குகிற தலைக்கு மேலே டன் கணக்கில், கீழே எதுவும் இல்லாமல். 1987 அக்டோபர் 15 ராத்திரி தெற்கு இங்கிலாந்தை அடித்த பெரும்புயலில் சிம்னிகள் கூரையைப் பிளந்து அறைக்குள் விழுந்தன. கீழே தாங்கல் இருக்கும் சிம்னிக்கே அந்தக் கதி வரலாம். இடிப்பதென்றால் இன்ஜினியர் கணக்கு, பில்டிங் கன்ட்ரோல் ஒப்புதல், பொதுச்சுவர் என்பதால் 1996-ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு, மூன்றும் வேண்டும். மேலே மிச்சத்தைத் தாங்க சிலர் கேலோஸ் பிராக்கெட் என்ற முக்கோண இரும்பை அடிப்பார்கள். எல்லாக் கவுன்சிலும் அதை ஏற்பதில்லை. இப்போதே மாடியில் இருக்கும் சிம்னிச் சுவர் கீழறையிலும் தொடர்கிறதா, பின்னறையில் யாராவது முன்பே எடுத்துவிட்டார்களா என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். எடுத்திருந்தால் அதற்கான கவுன்சில் சான்றிதழ் உங்கள் வக்கீல் கொடுத்த காகிதக் கட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கறையை அப்புறம் பார்க்கலாம், மேலே இருப்பதற்குத் தாங்கல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அடுப்பு வைத்த பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது, தினமும் எரித்தால் இரண்டு முறையாவது தூரிகை விட வேண்டும். செப்டம்பர் நல்ல மாதம். வசந்தத்தில் ஜாக்டா காக்கைகள் குழாய்க்குள் சுள்ளி போட்டுக் கூடு கட்டும், ஆள் உயரத்துக்குக்கூட அடுக்கிவிடும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி தொட முடியாது. இலையுதிர் காலத்தில் எடுத்துவிட்டு வலைத்தொப்பி போட்டுவிடலாம். சுத்தம் செய்பவர் தரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், தீ விபத்து என்றால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்கக்கூடியது அது.

கதவைத் தட்டி "சார், இந்தப் பக்கமாப் போனேன், உங்க சிம்னி விழப்போகுது, இன்னைக்கே சரி பண்ணித் தரேன்" என்று ஒருவர் வருவார். நிச்சயம் வருவார். சாரம் இல்லாமல், எழுத்தில் விலை இல்லாமல், முன்பணம் கேட்டு. அவர் காட்டும் ஃபோன் படத்தில் இருப்பது உங்கள் கூரைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில்லு உங்கள் தோட்டத்தில் விழுவதால் அவசரம் இருப்பது உண்மைதான். சிம்னி இருக்கும் பக்கம் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், இந்த வாரமே இரண்டு மூன்று பேரிடம் விலை வாங்குங்கள். வாசலில் வந்து நின்றவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சாமி மாடம். வைக்கலாம். விறகடுப்பு வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும், அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பலகையை எடுத்ததும் முதலில் உள்ளே ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி வையுங்கள். புகை மேலே இழுபட்டுப் போனால் குழாய் திறந்திருக்கிறது. அறைக்குள் திரும்பினால் மேலே கூடோ இடிபாடோ அடைத்திருக்கலாம், அல்லது வெளிக்காற்று கீழே தள்ளுகிறது. எதுவானாலும் குழாயைச் சுத்தம் செய்த பிறகே அங்கே விளக்கு. இல்லாவிட்டால் நூறு வருடக் கரி ஒரு காற்றடித்த மாலையில் பிள்ளையார் தலையில் கொட்டும். ஒரு வீட்டில் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். மேலே தகடு வைத்து மூடினாலும் அதில் ஒரு காற்றுத் துளை விடச் சொல்லுங்கள். சுடர் லேசாக ஆடும், ஆடட்டும்.